நின்ற வண்டியும் ஒரு பெயர் மாற்றமும்

ஓடும் வண்டி தேய்கிறது. நிற்கும் வண்டி அழிகிறது. தேய்மானத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. சங்கிலி தளரும், பிரேக் கட்டை மெலியும், அவற்றின் ஓசையே முன்கூட்டி எச்சரித்துவிடும். நின்றுபோன வண்டியின் அழிவு அப்படிப்பட்டதன்று. அது ஓசையின்றி, வெளியே தெரியாத இடங்களில் நடக்கிறது. உலோகம் துருப்பிடிக்கிறது, ரப்பர் இறுகுகிறது, பெட்ரோல் பிசினாகிறது. பல ஆண்டுகள் நின்ற மோட்டார் சைக்கிளை மீண்டும் சாலைக்குக் கொண்டுவருவது இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக எதிர்கொள்வதுதான். நான்காவதாக ஒன்றும் உண்டு. அது காகிதம்.

அக்காளும் தம்பியுமாக நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதும் கட்டுரை இது. அப்பாவின் 350 சி.சி. புல்லட் 1982-இல் கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது. 2009-இல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது, 2011-இல் காலமானார். அவர் கடைசியாக நிறுத்திய கொல்லைப்புறத் தாழ்வாரத்திலேயே, தார்ப்பாய் மூடி, வண்டி பதினாறு ஆண்டுகள் நின்றது. விலைக்குக் கேட்டு வந்தவர்களிடம் அம்மா, "பசங்க முடிவு பண்ணுவாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார். 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு நாள் எங்களிடமே பேசினார்: "விக்கிறதுன்னா வித்துடுங்க. ஓட்டுறதுன்னா ஓட்டுங்க. இப்படித் துணியப் போட்டு மூடி வெச்சிருந்தா, பாக்கும்போதெல்லாம் அவர் ஆஸ்பத்திரியில கெடந்த மாதிரியே இருக்கு."

புல்லட்டைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பிறப்பால் அது ஆங்கிலேய வண்டி. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, சென்னை திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா உருவானது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத் தாய்த் தொழிற்சாலை 1960-களில் மூடப்பட்ட பின்னரும் திருவொற்றியூர் அதே வடிவத்தைச் செய்துகொண்டிருந்தது. பழைய புல்லட்டின் உதிரிப் பாகங்கள் இன்றும் எளிதில் கிடைப்பதற்கு இந்தத் தொடர்ச்சியே காரணம். எங்கள் வேலை நடந்து முடிந்ததற்கும் அதுவே காரணம்.

அப்பாவின் காலத்திலேயே வண்டியைப் பார்த்துவந்த மெக்கானிக் பாயைத் தேடிப் போனோம். தலை நரைத்திருந்தது, பட்டறை அதே இடத்தில் இருந்தது. வண்டியைச் சுற்றிவந்து பார்த்தவர் முதலில் சொன்னது: "யாரும் உதைக்காதீங்க." நீண்டநாள் நின்ற எஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கலாம். பலவந்தமாக உதைத்தால் வளையம் உடையும், சுவர் கீறும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே சிறிது எண்ணெய் ஊற்றிவிட்டுப் போய்விட்டார். மூன்றாம் நாள் வந்து, நான்காவது கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தார். சக்கரம் தயங்கியது, பிறகு சுழன்றது. "ஜாம் ஆகலம்மா. உக்காந்திருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

பழைய புல்லட்டில் எண்ணெய்க்கு எஞ்சின் கூட்டுக்குள்ளேயே தனி அறை உண்டு. நெடுநாள் நின்றால் அந்த எண்ணெய் பம்பின் வழியே மெல்லக் கசிந்து, கிராங்க் சுழலும் அறையில் தேங்கிவிடும். அதை வடிக்காமல் ஓட்டினால் சைலென்சர் வழியே ஊரெல்லாம் புகைதான். இரண்டையும் வடித்து வடிகட்டியை மாற்றினார். சைலென்சரில் குளவிக் கூடு இருந்தது. கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோலின் இடத்தில் பழுப்பு நிறத்தில் அரக்கைப் போன்ற ஒரு படலம். அதன் சிறு துளைகளைக் கம்பியால் குத்தக்கூடாதாம். துளை அகன்றால் எரிபொருளின் அளவு கெடும். ஊறவைத்துக் காற்றால் ஊதித் திறந்தார். மின்பொறிக்கான காண்டாக்ட் பாயிண்டில் வெண்படலம் படிந்திருந்தது. அதைத் தேய்த்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்தார்.

டயர்கள் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. ஆனால் 2000-க்குப் பிந்தைய டயர்களின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. எங்களுடையதில் 3207 என்றிருந்தது: 2007-ஆம் ஆண்டின் முப்பத்திரண்டாம் வாரம். அப்பா கடைசியாக வாங்கிப் போட்ட டயர்கள். பட்டன் தேயாமல் இருந்தும் பக்கச்சுவரில் நகம் நுழையும் வெடிப்புகள்.

இந்த இடத்தில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் எழுந்தது. எதை மாற்றுவது, எதை விடுவது? எல்லாவற்றையும் மாற்றினால் அது அப்பாவின் வண்டியாக இருக்குமா என்றான் தம்பி. இந்த டயரில் ஓட்டி விழுந்தால் அது யாருடைய வண்டி என்றாள் அக்காள். பாய் முடித்துவைத்தார்: "உசுரு சம்பந்தப்பட்டதெல்லாம் புதுசு. மத்ததெல்லாம் ஐயா விட்டது விட்டபடி." டயர், டியூப், பிரேக் கட்டைகள், கேபிள்கள், எலி கடித்த ஒயர்கள் எல்லாம் புதிதாயின. தொட்டியின் உட்புறத் துருவை நீக்கினோம், வெளிப்புறத்தைத் தொடவில்லை. அப்பாவின் முழங்கால்கள் பட்டுப்பட்டு வண்ணம் மங்கிய இரண்டு இடங்களும் அப்படியே இருக்கின்றன.

பெட்ரோல் குழாய்க்கும் அடைப்பானின் ரப்பர்களுக்கும் தனியாகக் கவனம் தேவைப்பட்டது. இந்த வண்டி மூன்று விதப் பெட்ரோலைக் கண்டிருக்கிறது. பிறந்தபோது ஈயம் கலந்தது. 2000-ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் ஈயமில்லாதது. பின்னர் எத்தனால் கலந்தது. அந்தக் கலப்பு 2025-இல் 20 விழுக்காட்டை எட்டிவிட்டது. எத்தனால் பழைய ரப்பரை உப்பவும் இளகவும் செய்யும். காற்றின் ஈரத்தையும் இழுக்கும். ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். பழைய வண்டி நிற்பதை இன்றைய பெட்ரோல் முன்னைவிடவும் பொறுக்காது.

இனி காகிதம். தனியார் வாகனத்தின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அப்பா 1997, 2002, 2007 என்று தவறாமல் புதுப்பித்திருந்தார். 2012-இல் அது முடிந்தபோது அவர் இல்லை. புதுப்பிக்க வேண்டுமானால் முதலில் உரிமையாளர் உயிரோடிருக்க வேண்டும், அதாவது பெயர் மாற வேண்டும். உரிமையாளர் இறந்தால் அதற்கென்று இருப்பது படிவம் 31. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம்.

யார் பெயருக்கு என்ற கேள்வி வந்தபோது உறவினர் அனைவரும் தம்பியைப் பார்த்தார்கள். அவனுக்கு வண்டி ஓட்டுவதில் நாட்டமில்லை. கல்லூரிக் காலம் முதல் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவள் அக்காள். அம்மா ஒரே சொல்லில் முடித்தார்: "ஓட்டுறவ பேருக்கு மாத்துங்க." பிறகு கையெழுத்திடப் பேனாவை எடுத்தவர் வெகுநேரம் எழுதவில்லை. குடும்ப அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் எப்போதோ நீங்கிவிட்ட பெயர், இந்தப் பழுப்பேறிய பதிவுப் புத்தகத்தில் மட்டுமே உரிமையாளராக எஞ்சியிருந்தது. வண்டி ஓட வேண்டுமானால் அந்தப் பெயர் அங்கிருந்து போக வேண்டும். நினைவுப் பொருள் இறந்தவருக்குச் சொந்தமாக இருக்கலாம். ஓடும் வண்டி உயிரோடிருப்பவர்களுக்குத்தான் சொந்தமாக இருக்க முடியும். அம்மா கையெழுத்திட்டார். அடுத்து தம்பியும்.

புல்லட்டை உதைக்க பலம் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். பாய் அக்காளுக்குக் கற்றுத்தந்தது வேறு. சாவியைத் திருகி, உதைமிதியை மெல்ல அழுத்திக்கொண்டே அம்மீட்டர் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஸரைப் பிடித்து, மிதியைச் சற்றே தாண்டவிட்டு, கையை எடுத்து, முழுதாக மேலே கொண்டுவந்து ஓர் உதை. "நேரம் பாத்து உதைச்சா கொழந்தை கூட ஸ்டார்ட் பண்ணும். இல்லேன்னா திருப்பி அடிக்கும்." வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக் என்ற பழைய ஏற்பாட்டுக்குப் பழக, காலி மைதானத்தில் இரண்டு வாரம் ஆயிற்று. அவசரத்தில் பிரேக் என்று நினைத்து கியரை மிதிக்காதபடி கால்கள் பழகிய பிறகே சாலைக்கு எடுத்தாள்.

ஆய்வாளர் சேஸிஸ் எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துச் சரிபார்த்தார். காப்பீடும் புகைச் சான்றிதழும் ஆயின. ஐந்து ஆண்டுகளுக்குப் பதிவு கிடைத்தது. இப்போது வாரம் இருமுறையாவது வண்டி வெளியே போகிறது: சந்தைக்கு, வங்கிக்கு, சில மாலைகளில் காவிரிப் பாலம் வரை. மாதக்கணக்கில் நிறுத்த நேர்ந்தால் பெட்ரோலை வடித்துவிட வேண்டும் என்று பாய் சொல்லியிருக்கிறார். இதுவரை அதற்குத் தேவை ஏற்படவில்லை.