பங்கிட்டால் குறையும்

நுவரெலியாவின் பிதுருதலாகலை உச்சியிலிருந்து தொலைக்காட்சி அலைகள் பரவுகின்றன. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சியே ஆசானாயிற்று. நான்கு வீடுகள் ஓர் அன்டெனாவைப் பங்கிட்டன. படம் மங்கிற்று. பெட்டி பழுதென்றனர் சிலர். நடுவிலிருந்த ஸ்பிளிட்டரைக் கழற்றி, ஒரு வீட்டுக்கு நேரே கம்பி கொடுத்தோம், படம் தெளிந்தது!

ஒரு விளக்கால் நூறு விளக்கேற்றினாலும் சுடர் குறையாது. அலையோ பீலித் தண்ணீர் போன்றது. இரண்டாய்ப் பிரித்தால் பாதி, நான்காய்ப் பிரித்தால் கால். கேபிள் மோடத்துக்கும் இதுவே நியதி.

ஆகவே அன்பர்களே, வேண்டாத ஸ்பிளிட்டர்களை அகற்றுங்கள். தளர்ந்த இணைப்புகளை இறுக்குங்கள். பயன்படாத வாய்களுக்கு 75 ஓம் மூடி இடுங்கள். பல வீடுகளுக்குப் பங்கிடுமுன் அன்டெனா அருகிலேயே ஒலிபெருக்கிபோல் அலைபெருக்கி ஒன்றைப் பொருத்துங்கள். பகிர்தல் அறம், அளவறிந்து பகிர்ந்தால் எவர் வீட்டுப் பிள்ளையின் பாடமும் தடைபடாது.