புத்தகத்தை மூடிய பிறகு

“தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி குறைவு” என்ற பேச்சை ஆசிரியர் ஓய்வறைகளில் இன்றும் கேட்கிறேன். வெலிமடைப் பக்கத்தில் பத்தாம், பதினோராம் தரங்களுக்கு வரலாறு படிப்பிக்கிற எனக்கு அதைக் கேட்டால் கோபம்தான் வரும். காமன் கூத்துப் பாட்டுகளைக் கொப்பி பார்க்காமல் விடிய விடியப் பாடுகிறவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். ஞாபகத்தில் இவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. எப்படிப் படிக்க வேண்டும் என்பதை யாரும் இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

பரீட்சைக் காலத்தில் அந்தி நேரம் தோட்டத்து லயக் குடியிருப்புப் பக்கம் போனால் வரிசையாகப் படிக்கிற சத்தம் கேட்கும். பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்து, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு, ஒரே பக்கத்தை ஐந்தாறு தடவை உரத்து வாசிக்கும். எங்கள் பிள்ளைகள் இதைப் ‘பாடமாக்குறது’ என்பார்கள். மூன்றாம் தடவை வாசிக்கும்போதே வரிகள் நாக்கில் வழுக்கிக்கொண்டு ஓடும். அந்தச் சுகத்தில் ‘எனக்குத் தெரியும்’ என்ற நம்பிக்கை வந்துவிடும். பார்த்த முகமாக இருக்கிறது என்பதும், அந்த ஆள் யார், எந்த ஊர் என்று சொல்ல முடிவதும் ஒன்றல்ல. வினாத்தாள் கேட்பது இரண்டாவதை. “நல்லாப் படிச்சேன் டீச்சர், ஹோலுக்குள்ள போனதும் எல்லாம் மறந்துபோச்சு” என்று அழுதுகொண்டு வருகிற பிள்ளை பொய் சொல்வதில்லை. அது உண்மையிலேயே மணிக்கணக்காகப் படித்திருக்கும்.

2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு ஒரு பாடப்பகுதி கொடுக்கப்பட்டது. ஒரு கூட்டம் அதை நான்கு அமர்விலும் வாசித்தது. இன்னொரு கூட்டம் ஓர் அமர்வில் வாசித்துவிட்டு, மற்ற மூன்று அமர்விலும் தாளைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் 83 வீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71 வீதம். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கணக்கு தலைகீழாகிவிட்டது. வாசித்தவர்கள் 40 வீதம், எழுதிப் பார்த்தவர்கள் 61 வீதம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்குத்தான் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்ற நம்பிக்கை அதிகமாக இருந்தது. லயத்து வாசற்படியில் நான் பார்ப்பதும் இதையேதான்.

இது நமக்குப் புதிய சங்கதியும் அல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பாடம் கேட்கிற முறை பேசப்படுகிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் கால்வாசிதான் கைக்கு வரும். உடன் படிக்கிறவர்களோடு பழகுவதில் இன்னொரு கால்வாசி. மிச்ச அரைவாசி, தானே பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேரும். கேட்டதை மறுபடி நினைத்துப் பார்ப்பது, கேள்வி கேட்பது, கேட்டதற்குப் பதில் சொல்வது எல்லாமே அங்கே மாணவனின் கடமைகள். இலக்கணம் படிக்கிறவர்கள் பரீட்சைக்காகக் கடந்துபோகிற இந்தச் சூத்திரங்களை ஒவ்வோர் ஆசிரியரும் வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே படிக்க வேண்டும் என்பேன்.

வகுப்பில் நான் செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பாடம் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது புத்தகத்தையும் கொப்பியையும் மூடச் சொல்வேன். ஒரு வெற்றுத்தாளில் இன்றைக்குக் கேட்டதில் நினைவிருப்பதை எல்லாம், ஒழுங்கில்லாமல் வந்தாலும் பரவாயில்லை, எழுத வேண்டும். முதல் இரண்டு நிமிடம் பேனைகள் ஓடும். பிறகு நின்றுவிடும். பிள்ளைகள் கூரையைப் பார்ப்பார்கள், பக்கத்தில் இருப்பவரின் தாளை எட்டிப் பார்ப்பார்கள், “அவ்வளவுதான் டீச்சர்” என்பார்கள். நான் விடுவதில்லை. அந்த முட்டி மோதுகிற நேரத்தில்தான் படிப்பு நடக்கிறது. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்புப் பேனையால் எழுதச் சொல்வேன். அதற்குப் புள்ளி கிடையாது. புள்ளி போட்டால் பிள்ளைகள் பயத்தில் பார்த்து எழுதுவார்கள். இரண்டு வாரம் கழித்து, வேறொரு பாடம் தொடங்கும் முன் அந்தப் பழைய பாடத்திலிருந்து மூன்று கேள்வி கேட்பேன். கொஞ்சம் மறந்த பிறகு மீட்டெடுப்பதற்குத்தான் பலன் அதிகம்.

வருஷங்களைப் பாடமாக்குவதை நான் எதிர்க்கவில்லை. வாய்ப்பாடு தெரியாமல் கணக்கு வராது, வருஷம் தெரியாமல் வரலாறும் வராது. ஆனால் வருஷம் தனியாக நிற்காது, அது தொங்குவதற்கு ஒரு கதை வேண்டும். வெலிமடைக்குப் பக்கத்திலேயே கெப்பெட்டிபொல என்றொரு சிறு நகரம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் போய்வருகிறார்கள். ஆனாலும் ஊவா கிளர்ச்சி நடந்தது எப்போது என்று கேட்டால் விழிப்பார்கள். அதை அடக்கி வா என்று ஆங்கிலேயர் அனுப்பிய கெப்பெட்டிபொல திசாவை என்ற கண்டித் தலைவர், அவர்கள் கொடுத்த ஆயுதங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளர்ச்சிக்காரர்களோடு சேர்ந்தார். 1818 நவம்பரில் கண்டியில் அவரைக் கொன்றார்கள். அவருடைய மண்டையோடு எடின்பரோவுக்குக் கொண்டுபோகப்பட்டு 1954இல்தான் திரும்பி வந்தது. இதைச் சொல்லிவிட்டு, “1815இல் கண்டியை ஆங்கிலேயருக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவர்கள், மூன்றே வருஷத்தில் ஏன் எழும்பினார்கள்?” என்று கேட்பேன். அந்த ‘ஏன்’ பிள்ளையின் மனதில் ஏறிவிட்டால் இரண்டு வருஷங்களும் சேர்ந்தே ஏறிவிடும்.

ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோப்பிப் பயிர் அழிந்த பாடம் அன்று. 1869இல் எங்கள் ஊவாவிலேயே, மடுல்சீமையில், கோப்பி இலையில் பங்கசு நோய் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. இருபது வருஷத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் சரிந்து தேயிலை வந்தது. வீட்டுவேலையாக நான் கொடுத்தது ஒன்றுதான்: இந்தக் கதையைப் புத்தகம் இல்லாமல் வீட்டில் யாருக்காவது சொல்ல வேண்டும். கொழுந்தெடுத்துவிட்டு வந்து அடுப்படியில் இருந்த அம்மாவிடம் அவள் சொல்லியிருக்கிறாள். அம்மா கேட்ட கேள்வியை மறுநாள் என்னிடம் கொண்டுவந்தாள். “மழை மூட்டத்துல தேயிலைக்கும் கொப்புளம் போடுதே, அப்ப தேயிலை மட்டும் ஏன் அழிஞ்சு போகலன்னு அம்மா கேக்குறாங்க டீச்சர்.”

பாடநூலில் இல்லாத கேள்வி அது. கொப்புள நோய் இலங்கைத் தேயிலைக்கு வந்தது 1946இல் என்றும், அதற்குள் செம்பு கலந்த மருந்து தெளிக்கும் முறை கைக்கு வந்துவிட்டது என்றும், கோப்பிக்காரர்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை என்றும் வகுப்புக்கே விளக்கினேன். அந்தப் பாடத்தை அந்த வகுப்பில் யாரும் மறக்கவில்லை. பள்ளிக்கூடம் போகாத ஒரு தாய் கேட்ட ‘ஏன்’ செய்த வேலை அது.

இதனால்தான் நோட்ஸ் சொல்லி எழுதுவிக்கிற வழக்கத்தை நான் கைவிட்டேன். ஆசிரியர் சொல்லச் சொல்லக் கை ஓடும், மனம் எங்கேயோ இருக்கும். பாடநூல் தமிழுக்கும் லயத்துத் தமிழுக்கும் தூரம் இருக்கிறது. ‘குடியேற்றவாதம்’ என்ற சொல்லை அப்படியே எழுதிக்கொள்கிற பிள்ளை அதைத் தன் வாயால் விளக்கும் வரை அது அவளுடையதாகாது. அதனால் முதலில் கேட்கச் சொல்வேன், பிறகு சொந்தச் சொல்லில் நாலு வரி எழுதச் சொல்வேன்.

பண்டாரவளைக்கோ பதுளைக்கோ பஸ் ஏறி டியூஷன் போகிற வசதி எல்லாப் பிள்ளைக்கும் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் ஆறு பேரோடு, தொலைக்காட்சிச் சத்தத்தில், ஒருமணி நேரம் கிடைத்தாலே பெரிய விஷயம். அந்த ஒருமணியையும் நாலு தடவை வாசிப்பதில் செலவழிக்க விடக்கூடாது. கடந்தகால வினாத்தாளைப் பரீட்சைக்கு முந்திய மாதம் வரை பூட்டி வைப்பதும் இதே தவறுதான். பாடம் முடிந்த வாரத்திலேயே அதை எடுக்க வேண்டும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். இன்றிரவு பிள்ளையின் புத்தகத்தை வாங்கி உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். “இன்னைக்கு என்ன படிச்ச, எனக்குச் சொல்லு” என்று கேளுங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை சொல்லி முடித்ததும், விளங்காத இடத்தில் “ஏன்?” என்று ஒருதடவை கேளுங்கள்.