“என்னங்க ஏத்தப் போறீங்க?”

நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைக்குள் பிக்கப் வாங்கும் யோசனையோடு யார் நுழைந்தாலும் மேஸ்திரி முதலில் கேட்பது இதைத்தான்: “என்னங்க ஏத்தப் போறீங்க?” எந்த வண்டி, எவ்வளவு தவணை என்பதெல்லாம் பிறகுதான். தீவன மூட்டையா, தக்காளிப் பெட்டியா, ஆடா, பால் கேனா என்று தெரியாமல் அவர் அடுத்த பேச்சுக்கு வருவதில்லை.

முட்டைக்கும் ஆஞ்சநேயருக்கும் பேர்போன இந்த ஊர் 1997-ல்தான் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகரானது. லாரிக்காரர்களுக்கு அதற்கு வெகுகாலம் முன்பே இது தலைநகர். பஸ்ஸுக்குக் கரூர், போர்வெல் ரிக்குக்குத் திருச்செங்கோடு, லாரிக்கும் டேங்கருக்கும் நாமக்கல் என்று தொழிலே ஊர்களைப் பங்கு போட்டு வைத்திருக்கிறது. இப்போது பெரிய லாரிகளுக்கு நடுவே சின்ன வண்டிகளும் பட்டறை வாசலில் நிற்கின்றன. 2005-ல் டாடா ஏஸ் வந்து ‘குட்டி யானை’ என்று பெயர் வாங்கியது. 2011-ல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மகிந்திராவின் பொலேரோ பிக்கப் ஓடாத கிராமச் சாலை இல்லை. தோட்டத்துக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஒரே வண்டி என்று ஒரு குடும்பம் முடிவெடுப்பது இன்று சாதாரணம். அப்படி வாங்குகிறவர்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பது, அந்த வண்டிகளைக் கட்டி, அடிபட்டு வந்தால் நிமிர்த்தியும் கொடுக்கிறவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதைக் கேட்கத்தான் சேலம் சாலையில் உள்ள ஒரு பட்டறைக்குப் போனேன்.

பட்டறை நடுவில் தீவன வியாபாரி ஒருவரின் புது பிக்கப் நின்றது. கம்பெனியே பின்பக்கப் பாடியும் போட்டுத் தருவதுண்டு; கேபினும் சேசிஸும் மட்டுமாக எடுத்து வேண்டியபடி பாடி கட்டிக்கொள்வதும் உண்டு. இது இரண்டாவது வகை. வெல்டர் செய்த முதல் காரியம், பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி ஓரமாக வைத்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு சின்ன வண்டிக்குள்ளும் சென்சாரும் கம்ப்யூட்டரும் நிறைந்துவிட்டன. வெல்டிங் கரண்ட் அதற்குள் பாய்ந்தால் வண்டி நின்ற இடத்திலேயே கிடக்கும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு வந்தவர் அந்த வெல்டர். வண்டி மாற மாற, எதைக் கழற்றி எதைத் தொடக்கூடாது என்று தானாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

பாடியின் அடிச்சட்டத்துக்கு சி வடிவ இரும்புச் சேனலில் நீளவாட்டில் இரண்டு, குறுக்கே வரிசையாகச் சின்னச் சேனல்கள். எடுத்தவுடன் முழு வெல்டு வைப்பதில்லை, மூலைக்கு ஒரு டேக், அதாவது சின்னப் பொட்டு வெல்டு மட்டும். பிறகு இரண்டு பேர் டேப் பிடித்தார்கள். முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கு ஓர் அளவு. முன் வலதிலிருந்து பின் இடதுக்கு ஓர் அளவு. இரண்டும் ஒன்றாக வந்தால்தான் சட்டம் கோணாமல் இருக்கிறது என்று அர்த்தம். ஆறு மில்லி வித்தியாசம் வந்தது. ஒருவர் மூலையில் மரக்கட்டையை அணை கொடுக்க, இன்னொருவர் சம்மட்டியால் ஒரு தட்டு தட்டினார். மறுபடி டேப். இரண்டு மில்லி. இன்னொரு தட்டு, முன்னதைவிட மெதுவாக. “ஆறு மில்லிதானேன்னு விட்டம்னா ஒரு வருசத்துல பின்கதவு மூட மாட்டேங்குமுங்க. அப்புறம் கவுத்துல கட்டிக்கிட்டுத்தான் ஓட்டோணும்” என்றார் மேஸ்திரி.

அதற்குப் பிறகுதான் வெல்டு. இந்த மூலையில் ஒரு விரல் நீளம் வைத்தால், அடுத்தது எதிர்மூலையில் ஒரு விரல் நீளம். ஒரே பக்கமாக ஓட்டிக்கொண்டு போனால் சூட்டில் இரும்பு இழுத்து, சட்டம் முறுக்கிக்கொள்ளும். பாடியைச் சேசிஸோடு சேர்க்கிற இடத்தில் வெல்டும் கிடையாது, சேசிஸின் மேல்விளிம்பில் துளையும் கிடையாது. நடுவில் ரப்பர் கொடுத்து யூ போல்ட்டால் இறுக்குகிறார்கள். பள்ளம் மேட்டில் சேசிஸ் முறுக்கும்போது பாடிக்கும் அசைய இடம் வேண்டும். இல்லாவிட்டால் இரண்டில் ஒன்று கீறிவிடும்.

தகடு எவ்வளவு கனம் போடலாம் என்று கேட்டேன். மேஸ்திரி சாக்பீஸ் எடுத்துத் தரையிலேயே கணக்குப் போட்டார். இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டர், ஒரு மில்லி கனமென்றால் 7.85 கிலோ. ஒன்பதடி நீளம், ஐந்தரை அடி அகலத் தளம் ஏறக்குறைய 4.6 சதுர மீட்டர். மூன்று மில்லி போட்டால் 108 கிலோ, நான்கு மில்லி போட்டால் 144. “ஆயுசுக்கும் நிக்கோணும், கனமாப் போடுங்கன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. அந்த முப்பத்தாறு கிலோவை வண்டி தெனமும் சும்மாவே சொமக்கோணுமில்லீங்க?” வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை ஆர்.சி.யில் எழுதியபடிதான்; அது அதிகமாகாது. பாடியில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் சரக்கில் குறையும். கேபின் மேல் கேரியர், முன்னால் கம்பி கார்டு, உயரமான கிராதி என்று ஆசைப்பட்டதையெல்லாம் சேர்த்தால் நூறு கிலோ தாண்டிவிடும். ஒரு டன் ஏற்ற வாங்கிய வண்டியில் பத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. விலைப்பட்டியலில் இந்தக் கணக்கு வருவதே இல்லை.

பட்டை கூட்டுவதைப் பற்றி அவர் இன்னும் கண்டிப்பாகப் பேசினார். பாரம் ஏற்றினால் பின்பக்கம் தாழ்கிறது, ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டை சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டு நிறையப் பேர் வருகிறார்கள். சேர்த்தால் வண்டி நிமிர்ந்து நிற்கும். நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து இன்னும் நாலு மூட்டை போடத் தோன்றும். அச்சும் டயரும் பிரேக்கும் பழைய அளவில்தான் இருக்கின்றன. “பட்டை தாங்குமுங்க, பிரேக் தாங்கோணுமே. கொல்லிமலைல எழுவது கொண்டை ஊசி. பலாக்காயை ரொப்பிக்கிட்டு எறங்கறப்ப பட்டையா வண்டிய நிறுத்தும்?”

இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் மோகனூர்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. கணவன், மனைவி, அவருடைய மாமியார், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். வாழை, தென்னை, கறவை மாடு, கொஞ்சம் ஆடு. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததில் மிச்சமாகும் பணத்தை எதில் போடுவது என்பதுதான் அவர்கள் வீட்டுப் பேச்சு. இன்னும் பணம் கட்டவில்லை. ஷோரூமில் கொடுத்த தாளை மனைவிதான் நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார்.

கணவருக்குப் பெரிய பாடி வேண்டும். மனைவிக்குப் பவர் ஸ்டீயரிங். காலையில் பால் கொண்டுபோய் ஊற்றுவது அவர்தான். கார் லைசென்ஸ் இருக்கிறது, இதற்குத் தனியாக எடுக்க வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸோடே ஓட்டலாம் என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. ஏ.சி. விஷயத்தில் கணவருக்கு மனமில்லை. 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்கு 2025 அக்டோபர் முதல் ஏ.சி. கேபின் கட்டாயம், அதற்குக் கீழே உள்ள பிக்கப்புகளுக்கு வாங்குகிறவர் விருப்பம். சித்திரை வெயிலில் மதியம் ஓட்டுகிறவர் கண் அசந்துபோவதைப் பார்த்தவன் நான். என்னைக் கேட்டால் பாட்டுப் பெட்டியை விட்டுவிட்டு இதை எடுக்கச் சொல்வேன், அங்கேயும் சொன்னேன்.

ஆடு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மேஸ்திரி தளத்துக்குப் போய்விட்டார். வெறும் தகட்டில் ஆடு நிற்காது. ஈரம் பட்டால் வழுக்கும், வெயிலில் குளம்பு சுடும். ஆட்டு மூத்திரமும் சிந்திய யூரியாவும் இரும்பை அரித்துவிடும். மெல்லிய தகட்டின்மேல் கழற்றி மாட்டுகிற மாதிரி மரப்பலகை விரித்து, மூலைகளில் தண்ணீர் வடிய ஓட்டை விட்டால் ஓஸ் பைப்பில் கழுவிவிடலாம் என்றார். “மூத்திரம் நின்னா ஊட்டு வாசல்ல வண்டிய நிறுத்த முடியாது சாமி” என்று மாமியார் ஒத்துக்கொண்டார்.

சின்னவன் தீவன வியாபாரியின் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து கேட்டான்: “நாம எங்கப்பா உக்கார்றது?”

பின்னாடி இரண்டு பக்கமும் மடக்குப் பலகை வைத்துக் கொடுங்கள், கோயிலுக்கும் கிடா வெட்டுக்கும் போக வர ஆகும் என்றார் கணவர். அவர் கேட்டதில் விசேஷம் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை எந்தக் குலதெய்வக் கோயில் சாலையில் நின்றாலும் அப்படி நிரம்பிய வண்டிகள் போகும். மேஸ்திரி தலையாட்டினார். “அது மட்டும் நான் வெக்கறதில்லீங்க.”

சரக்கு வண்டியில் சரக்குக்காரரோ அவருடைய ஆளோ கூடவே வந்தால் காப்பீட்டில் இடமுண்டு. சும்மா ஏறி வருகிறவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்கக் காப்பீட்டுக் கம்பெனி கட்டுப்பட்டதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. வண்டி கவிழ்ந்தால் ஏறியவருக்கும் ஒன்றுமில்லை. வண்டிக்காரர் தோட்டத்தை விற்றுக் கொடுக்க வேண்டிவரும். இதை நான் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி சட்டத்துக்கெல்லாம் போகவில்லை. “அடிபட்ட வண்டிய நிமித்தறதுக்கு எங்ககிட்டத்தாங்க கொண்டாந்து உடுவாங்க. கழுவாமத்தான் வரும். நாங்கதாங்க கழுவறோம்” என்றார். யாரும் பேசவில்லை. அந்த அம்மா சின்னவனைத் தன் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டார்.

“மாசத்துல எத்தனை நாளுங்க முழு லோடு அடிப்பீங்க?” என்று மேஸ்திரி அவரிடம்தான் கேட்டார், கணவரிடம் அல்ல. வீட்டுக் கணக்கு யார் கையில் என்று பார்த்தவுடன் தெரிந்திருக்கிறது. வாழைத்தாரை வியாபாரியே தோட்டத்துக்கு லாரி கொண்டுவந்து வெட்டிப்போகிறார். தேங்காய் வெட்டு ஒன்றரை மாசத்துக்கு ஒருமுறை. தீவனம் அஞ்சாறு மூட்டை, உரம் அவ்வப்போது, பால் கேன் தினமும். அவர் விரல் விட்டுச் சொல்லி முடித்தபோது ஒன்பதடிப் பாடி நிறைகிற நாள் மாதத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை.

அப்போதுதான் மேஸ்திரி இரட்டைக் கேபின் பேச்சை எடுத்தார். பொலேரோ கேம்பர் மாதிரி வண்டியில் ஓட்டுகிறவரோடு ஐந்து பேர் பெல்ட் போட்டு உள்ளே உட்காரலாம். பின்னால் ஏறக்குறைய ஒரு டன் ஏற்றலாம். பின்பக்கம் குட்டைதான். தேங்காய் வெட்டுக்கு மட்டும் வாடகைக்குக் குட்டி யானை பிடித்துக்கொண்டால் போதும். அந்த வண்டி கம்பெனிப் பாடியோடு வருவது. அவருக்குக் கிடைக்க இருந்த முழு பாடி வேலை அந்த ஒரு யோசனையில் போய்விட்டது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை உண்டானது அங்கேதான்.

அவருக்குக் கிடைத்தது சில்லறை வேலைதான். கழற்றி மாட்டும் பலகை, படுதா போடக் கழற்றக்கூடிய வளைவுகள், கயிறு கட்டும் கொக்கிகள். கொக்கிகளை வெல்டு வைக்காமல் ரப்பர் கொடுத்துப் போல்ட்டில் மாட்டச் சொன்னார். கம்பெனி பெயின்ட் பொசுங்கினால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். அப்புறம் மாமியார் ஏறுவதற்கு ஒரு படி. அதற்கு அவர் கேபின் உயரத்தை அளக்கவில்லை, அந்தம்மாவை அழைத்தார். தரையில் ஒரு செங்கல் வைத்து ஏறச் சொன்னார். அதன்மேல் இன்னொன்று. மூன்றாவதுக்கு முழங்காலைப் பிடித்துக்கொண்டு ‘முருகா’ என்றார் அம்மா. மேஸ்திரி மூன்றாவது கல்லை எடுத்துவிட்டு, இரண்டு கல் உயரத்தை டேப்பில் அளந்து வண்டிச் சிட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு வேலைக்காரர்களோடு சாப்பிட உட்கார்ந்தேன். பெயின்டருக்கு இப்போது எழுத்து வேலை குறைவு. ஊர்ப்பெயரும் சாமிப் பெயரும் ஸ்டிக்கராக வந்துவிடுகிறது. முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று ஒளிரும் பட்டை ஒட்டுவதும், பட்டி தேய்ப்பதும்தான் மிச்சம். வெல்டர் தன் கண்ணைப் பற்றிச் சொன்னார். ஃபிளாஷ் அடித்த அன்று ராத்திரி கண்ணில் மண்ணை அள்ளிக் கொட்டினாற்போல் இருக்குமாம். உருளைக்கிழங்கை வெட்டி இமைமேல் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பாராம். இப்போது அவரிடம் நல்ல ஹெல்மெட் இருக்கிறது. சேனலைப் பிடித்துக்கொள்ளும் ஹெல்பர் பையனிடம் இல்லை. டேக் வைக்கும் நேரத்தில் அவன் கண்ணை இறுக மூடி முகத்தை மட்டும் திருப்பிக்கொள்வதைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஜார்க்கண்டிலிருந்து வந்தவன், மீசை இன்னும் அரும்பவில்லை.

முதலாளியிடம் கேட்டேன். பிடிக்கிறவனுக்கு எதற்கு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்ததாகவும், வாடிக்கையாளர் ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை என்றும் சொன்னார். பாடிக் கூலியில் ஆயிரம் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் நிற்கிறவர்கள் நாம். அந்த அரைமணியில், ஹெல்பருக்குக் கண்ணாடி இருக்கிறதா என்றும் கேட்கலாம். சாயங்காலம் நான் கிளம்புவதற்குள் பக்கத்து ஹார்டுவேர் கடையிலிருந்து கறுப்புக் கண்ணாடி ஒன்று வந்துவிட்டது. ஹெல்பர்கள் அங்கே மூன்று பேர். மற்ற இருவருக்கும் திங்கட்கிழமைக்குச் சொல்லியிருப்பதாக முதலாளி சொன்னார். வந்ததா என்று போன் போட்டுக் கேட்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.