92-க்கும் 56-க்கும் நடுவே

எங்கள் கம்பெனியில் குழந்தை உடுப்புக்கு வயதை எழுதமாட்டோம், உயரத்தை எழுதுவோம். ஐரோப்பாவுக்குப் போகிற ஆர்டர் என்றால் 50, 56, 62, 68 என்று ஆறு ஆறு சென்டிமீட்டராக ஏறிக்கொண்டே போகும். பிறந்த பிள்ளைக்கு 56. என் மகளுக்கு இப்போது 92. அவளுக்கு இரண்டு வயதும் மூன்று மாதமும் ஆகிறது. வயிற்றில் இருப்பதற்கு ஏழு மாதம்.

நான் சாம்பிள் டைலர். லைனில் ஒருவர் தோள் அடித்தால் இன்னொருவர் கை ஏற்றுவார், அடுத்தவர் பட்டி வைப்பார். சாம்பிளில் அப்படிப் பிரிக்க முடியாது. ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று மிஷின் மாறி மாறி உட்கார்ந்து, ஓர் உடுப்பை முதல் தையலிலிருந்து கடைசிப் பிசிறு வரை நானே முடிக்க வேண்டும். திருப்பூருக்கு வந்து எட்டு வருடம், அதில் ஐந்து வருடம் குழந்தை உடுப்பு. கல்யாணத்துக்கு முன்பே, கையில் ஒரு பிள்ளையைச் சரியாகத் தூக்கிப் பழகாத காலத்திலேயே, பிள்ளையின் தோள் எவ்வளவு, தொடை எவ்வளவு என்று என் விரலுக்குத் தெரிந்திருந்தது.

பிறந்த குழந்தையின் தலை, அதன் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. கழுத்தோ விரல் நீளம்கூட இல்லை. அவ்வளவு பெரிய தலை நுழைய வேண்டும், நுழைந்த பிறகு அந்தச் சின்னக் கழுத்தில் படிந்தும் உட்கார வேண்டும். இதற்குத்தான் என்வலப் கழுத்து. தோளில் முன்துண்டும் பின்துண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும், இழுத்தால் விரியும், விட்டால் மூடிக்கொள்ளும். எத்தனை ஆயிரம் தோள் தைத்திருப்பேனோ. ஆனால் என் மகள் பிறந்து இருபதாம் நாள், நடுராத்திரியில், கழுத்துவரை பேதி போய்ப் படுத்திருந்தாள். தலைவழியாக உருவினால் முகமெல்லாம் ஆகிவிடும். கை தானாகத் தோளை இரண்டு பக்கமும் விரித்தது, உடுப்பு அப்படியே இடுப்பு வழியாகக் கால்வழியாக இறங்கிவிட்டது. அது எதற்கு அப்படித் தைக்கிறோம் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அதற்குப் பிறகு என் தையலே வேறாகிவிட்டது. பாதம் மூடிய உடுப்பில் உள்பக்கம் விரல் நுனியில் ஒரு நூல் நீண்டு கிடந்தால் போதும், பிள்ளையின் கால் விரலில் சுற்றிக்கொள்ளும். காலை உதைக்க உதைக்க இறுகும், ரத்தம் ஓடாது, பிள்ளைக்குச் சொல்லவும் வாய் வராது. முன்பெல்லாம் பிசிறு வெட்டுவது கைமடிப் பெண்களின் வேலை என்று விட்டுவிடுவேன். இப்போது ஒவ்வொரு பாதத்தையும் உள்ளே திருப்பி, சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்க்காமல் கீழே வைப்பதில்லை. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடிப் பொறுக்கி நோட்டில் டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த இடத்து உடுப்பு மொத்தத்தையும் டிடெக்டரில் விட வேண்டும். லைனில் இதற்காகச் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்குச் சலிப்பு வருவதே இல்லை. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உடுப்பில் தலைமூடியிலும் கழுத்திலும் இழுத்துக் கட்டும் கயிறு வைக்கக்கூடாது என்று ஐரோப்பாவில் ஒரு விதி இருக்கிறது, இஎன் 14682 என்று எண். சறுக்குமரத்தில் கயிறு மாட்டிப் பிள்ளைகள் செத்துப்போனதால் வந்த விதி. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஏதோ ஒரு வீட்டுத் தாய் அழுதிருக்கிறாள்.

பனியன் துணி நெய்த துணி மாதிரி இல்லை, இழுத்தால் வரும். இரண்டு துண்டைச் சேர்த்து ஓவர்லாக்கில் விடும்போது கீழ்த்துணியை மிஷினின் பல் தானாக உள்ளே இழுத்துக்கொண்டு போகும். மேல்துணி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கும். முடிவில் பார்த்தால் மேலே கால் இஞ்ச் மிச்சம் நிற்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் அப்போது கீழ்த்துணியைப் பிடித்து இழுத்துச் சரிக்கட்டுவார்கள். மிஷினில் பார்க்க நேராக இருக்கும், ஒரு தண்ணீர் போட்டதும் தோள் முறுக்கிக்கொள்ளும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அக்கா சொல்வார்: "இழுக்காத கண்ணு. அது போற போக்குக்கு உட்டுட்டு, மேல மட்டும் கையை வெச்சுட்டே போ." அந்தக் கை அழுத்தவும் கூடாது, எடுக்கவும் கூடாது.

இரண்டாவதை உண்டாகியிருக்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து இந்த மேல்துணிதான் என் ஞாபகத்தில் இருக்கிறது. உள்ளே இருப்பதை உடம்பு தானாகப் பார்த்துக்கொள்கிறது. பின்தங்குவது மூத்ததுதான்.

எங்கள் லைன் வீட்டில் கடைசிக் கதவுப் பாட்டிதான் முதலில் கண்டுபிடித்தார். "ஏங்கண்ணு, தலைக்குத் தண்ணி ஊத்தலையா? புள்ளைக்கு இன்னம் பால் குடுக்கறயே. சவலை பாஞ்சுக்கும், பாத்துக்க." சவலை. பிளஸ் டூவில் தமிழ் ஐயா, இரண்டாம் அடியில் தனிச்சொல் இல்லாமல் குறைந்து நிற்கிற வெண்பாவுக்குச் சவலை வெண்பா என்று சொல்லிக்கொடுத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தாய் அடுத்ததைச் சுமக்கும்போது பால் குறைந்து மெலிகிற பிள்ளையின் பெயரை ஒரு பாட்டுக்கு வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு பார்த்திருந்தால்தான் அப்படி ஒரு பெயர் தோன்றும்.

பயந்துபோய் நர்ஸம்மாவிடம் கேட்டேன். ரத்தப்போக்கோ, முன்பு குறைமாதப் பிரசவமோ இருந்தால் விஷயம் வேறு, உனக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, வயிற்றுப் பிள்ளைக்கும் கெடுதலில்லை, குடிக்கிற பிள்ளைக்கும் கெடுதலில்லை, நான்காம் ஐந்தாம் மாதத்தில் பால் தானாகக் குறையும், ருசியும் மாறும், அதுவாக விட்டாலும் விடும் என்றார். பிறகு அவர்தான் ஒரு டாக்டரம்மா கதையையும் சொன்னார். வீட்டுக்கு வந்து அதைத் தேடிப் படித்தேன்.

சிசிலி வில்லியம்ஸ் என்று பெயர். ஜமைக்காவில் பிறந்தவர், ஆப்பிரிக்காவில் கோல்ட் கோஸ்ட் என்று அப்போது சொன்ன இன்றைய கானாவில் வேலை பார்த்தார். தவழ்ந்து நடந்து கொண்டிருந்த பிள்ளைகள் கால் வீங்கி, தோல் உரிந்து, முடி வெளுத்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள் என்று தாய்மாரிடம் கேட்டிருக்கிறார். கா மொழியில் 'குவாஷியோர்கர்' என்றார்களாம். அடுத்த பிள்ளை வந்ததும் இடம் போன பிள்ளைக்கு வருகிற நோய். 1933-ல் அந்த நோயை எழுதினார், 1935-ல் லான்செட் பத்திரிகையில் அந்தத் தாய்மார் சொன்ன சொல்லையே நோய்க்குப் பெயராக வைத்தார். பாலை நிறுத்திவிட்டு மக்காச்சோளக் கூழை மட்டும் ஊட்டியதில், புரதம் இல்லாமல் வந்த நோய் என்பது அவர் கணிப்பு. எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டியும் எங்கள் கடைசிக் கதவுப் பாட்டி சொன்னதையே சொல்லியிருக்கிறார்.

அதனால் பாட்டி சொன்னதை நான் தள்ளவில்லை. அந்தப் பயத்தைச் சாப்பாட்டில் வைத்தேன். தினம் ஒரு முட்டை. பச்சைப்பயிறு கடைந்து நெய் விட்ட சோறு. ராத்திரிக்கு அரிசிம்பருப்புச் சோறு, அதில் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு. அங்கன்வாடிச் சத்துமாவை வெல்லம் போட்டு உருண்டை பிடித்தால் மூன்று தின்பாள், கூழாகக் கொடுத்தால் முகத்தைத் திருப்புவாள். மாதம் ஒருமுறை எடை பார்க்கிறேன்.

மார்பில் வேப்பிலை அரைத்துப் பூசு, ஒரே நாளில் விட்டுவிடும் என்று நிறையப் பேர் சொன்னார்கள். மனசு வரவில்லை. நான்காம் மாதக் கடைசியில் ஒரு ராத்திரி அவளே வாயை எடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "தீந்துச்சு" என்றாள். அழவில்லை. அந்த வார்த்தையை நூல் கோன் தீரும்போது நான் சொல்லிக் கேட்டிருக்கிறாள். பிறகும் ஒரு வாரம் வந்து வாய் வைத்துப் பார்த்தாள், பிறகு காதைப் பிடித்துக்கொண்டு தூங்கப் பழகிவிட்டாள். இப்போதும் என் இடது காதுதான் வேண்டும். வலது காதைக் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவாள்.

தூக்குவதுதான் இப்போது கஷ்டம். பதினொன்றரைக் கிலோ. குனிந்து அள்ளாமல், நான் திண்ணையில் உட்கார்ந்துகொள்ள, அவள் முட்டியில் காலை வைத்து ஏறி வருகிறாள். "ஏணி" என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறாள். ஏறி வந்து வயிற்றில் வாயை வைத்து "டர்ர்ர்" என்று ஓவர்லாக் சத்தம் போடுவாள், உள்ளே பாப்பாவுக்குத் தைத்துக்கொடுக்கிறாளாம். சிலசமயம் உள்ளேயிருந்து ஓர் உதை வரும். அப்போது நிமிர்ந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கள் சூப்பர்வைசர் மாதிரியே தலையை ஆட்டுவாள்.

என் வீட்டுக்காரர் நிட்டிங்கில் நைட் ஷிப்ட். காலையில் அவர் வருவார், நான் கிளம்புவேன், பிள்ளை அவரிடம். ராத்திரி முழுக்க நின்ற மனிதர் எவ்வளவு நேரம் கண்ணைத் திறந்துவைத்திருப்பார்? ஒருநாள் கண் அயர்ந்துவிட்டார். பிள்ளை கதவைத் தள்ளிக்கொண்டு சந்துக்குப் போய்விட்டாள். கோரா ரோல் ஏற்றிய வேன் ஒன்று பின்னால் வந்துகொண்டிருந்தது. பாட்டிதான் ஓடிப்போய்த் தூக்கியிருக்கிறார். சாயங்காலம் நான் வந்தபோது வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் கதவின் மேல்பக்கம் கொண்டி அடித்துக்கொண்டிருந்தார். மூன்று ஆணி வளைந்து கிடந்தது. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

மறுவாரமே கம்பெனிப் பிள்ளை அறையில் விட்டேன். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பிள்ளை அறை இருக்க வேண்டும், தாய் ஒருநாளில் நாலு தடவை போய்ப் பார்க்கலாம் என்று 2017-ல் மகப்பேறுச் சட்டத்தைத் திருத்தியபோது சேர்த்தார்கள். அதே திருத்தம்தான் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியது, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு. ஆனால் இந்த ஊரில் பாதி வேலை பெரிய கேட்டுக்குள் நடப்பதில்லை. மூத்தவளைச் சுமந்தபோது நான் ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில் இருந்தேன், பவர் டேபிள், பீஸ் ரேட். இஎஸ்ஐ கிடையாது. செக்கப்புக்குப் போன நாளெல்லாம் சம்பளம் இல்லாத நாள். எட்டாம் மாதம் நின்றதோடு வருமானமும் நின்றது. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரில் அரசு தருகிற உதவி, பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய், அதுதான் அன்று கை கொடுத்தது. இப்போது இஎஸ்ஐ இருக்கிறது, 70 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்கிற கணக்கும் எனக்குத் தாண்டிவிட்டது. ஒரே தொழில், ஒரே கை, ஒரே வயிறு. எந்தக் கேட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை வைத்து ஒரு பிள்ளைக்கு 26 வாரம் தாய் கிடைக்கிறாள், இன்னொரு பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. இது எனக்கு ஆறவே இல்லை.

ஒன்றரை ஷிப்ட்டை ஐந்தாம் மாதத்தோடு விட்டுவிட்டேன். சனிக்கிழமைச் சம்பளத்தில் அது தெரிகிறது. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போட்டால் உடம்பில் சேராது என்று நர்ஸம்மா சொன்னதால் பதினோரு மணி டீயையும் விட்டேன். மூத்ததுக்கும் இதற்கும் இடைவெளி கொஞ்சம் குறைவு, பிறந்து இரண்டு வருடமாவது போன பிறகு அடுத்ததைத் தாங்கலாம் என்பார்கள், எனக்கு இருபதாம் மாதத்திலேயே நின்றுவிட்டது. அதனால் ரத்தம் எவ்வளவு என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் திரும்புகிறேன். டீ நேரத்தில் நேராகப் பிள்ளை அறைக்குப் போய்விடுகிறேன். முதல் பத்து நாள் நான் போனாலே அழுதாள், போகாவிட்டால் விளையாடினாள். நான்கு தடவையை இரண்டாகக் குறைத்துப் பார்த்தேன், அது எனக்குத்தான் முடியவில்லை. இப்போது வாசலில் உட்கார்ந்தால் ஓடிவந்து ஏணி ஏறுகிறாள், பிறகு அவளே இறங்கிப் போகிறாள்.

தொட்டிலைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருந்தேன். விட்டத்துக் கொக்கியில் என் பழைய சேலையைக் கட்டிய தொட்டில், அவள் இன்னமும் மத்தியானத்தில் அதில்தான் தூங்குவாள். தம்பியோ தங்கையோ வந்த பிறகு இறக்கினால், இறக்கியது யார் என்று அவளுக்குத் தெரிந்துபோகும். அதனால் போன மாதமே அவளுக்கு ஒரு பாய் வாங்கி, கட்டிங் டேபிளில் மிஞ்சிய ரிப் துண்டுகளை அடைத்து ஒரு தலையணை தைத்தேன். தொட்டில் காலியாக ஆடட்டும் என்று விட்டிருக்கிறேன். அதில் இப்போது அவள் பொம்மை தூங்குகிறது.

பெட்டியைத் திறந்து அவளுடைய 56 அளவு உடுப்புகளை எடுத்தேன். துவைத்துத் துவைத்து இன்டர்லாக் துணி பஞ்சு மாதிரி ஆகியிருந்தது. நான் தைத்ததுதான், தோள் முறுக்கவில்லை. மஞ்சளில் யானை போட்ட ஒன்றை அவள் பிடுங்கிக்கொண்டாள். "என்னுது" என்றாள். பாப்பாவுக்குக் குடுக்கலாமா சாமி என்றேன். யோசித்தாள், பிறகு அதைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்கப் போய்விட்டாள். இன்று ஐந்தாவது நாள். கம்பெனிக்கு வரும்போதும் பையில் அது இருக்கிறது.

நான் அதைத் திரும்பக் கேட்கவில்லை. பிறந்த பிள்ளைக்கு முதல் துணி புதுசாக இருக்கக்கூடாது, பழைய துணிதான் ஆகும் என்று அம்மா சொல்லும். அப்புச்சி வேட்டி ஒன்றைத் துவைத்து நான்காகக் கிழித்து மடித்து வைத்திருக்கிறது, அடுத்த வாரம் தாராபுரத்திலிருந்து கொண்டுவரும்.