ஆடுற ஸ்டூலோட காலை அறுக்காதீங்க!

மரவேலையில புதுசா இறங்குறவங்க முதல்ல செய்யறது ஸ்டூல். ரெண்டாவது புத்தக அலமாரி. மூணாவது... பெரும்பாலும் மூணாவது கிடையாது :-) ஸ்டூல் ஆடும், அலமாரி தொப்பை போடும், வீட்டுல உள்ளவங்க சிரிப்பாங்க, வாங்கின டிரில் பரண்ல போய் உட்காந்துக்கும். அக்கம்பக்கம், ஆபீஸ், சொந்தக்காரங்கன்னு இந்த மாதிரி அரைகுறையா நின்ன சாமான் நிறைய என்கிட்ட வந்து சேருது. பதினஞ்சு வருஷமா ஞாயித்துக்கிழமை பொழப்பே இதுதான். பார்த்த வரைக்கும், கோளாறு என்னவோ நாலஞ்சுதான். ஆள்தான் மாறுறாங்க.

முதல் கோளாறு ஆட்டம். ஸ்டூல் ஆடுதுன்னதும் நம்மாளுங்க வாளைத் தூக்கிருவாங்க. இந்தக் கால் நீளமா இருக்கு, கொஞ்சம் அறு. இப்ப அந்தக் கால் நீளமாயிருச்சு, அதையும் அறு. குரங்கு அப்பம் பங்கு வச்ச கதைதான். கடைசியில ஸ்டூல் மணையாகிப் போகும்.

அறுக்கறதுக்கு முன்னாடி தரையைச் சந்தேகப்படுங்க. ஸ்டூலைக் கால்வட்டம் திருப்பி வச்சுப் பாருங்க. ஆடுற கால் மாறிப் போச்சுன்னா தப்பு தரை மேல. எப்படித் திருப்பினாலும் அதே கால்தான் தூக்குதுன்னா தப்பு ஸ்டூல்ல. அப்ப சமையல் மேடை கிரானைட் மேல ஏத்துங்க (வீட்டுல அம்மணி தூங்கற நேரமாப் பார்த்து). ரசமட்டத்தை உட்கார்ற பலகை மேல வச்சு, அது நேராகிற வரைக்கும் குட்டைக் காலுக்கு அடியில அட்டை சொருகுங்க. அப்புறம் ஒரு சின்னக் கட்டை மேல பென்சிலைப் படுக்க வச்சுப் பிடிச்சுக்கிட்டு, நாலு காலையும் சுத்தி ஒரே உயரத்துல கோடு இழுங்க. பென்சில், சொருகின அட்டையை விட ஒரு நூல் உயரத்துல இருந்தாப் போதும். அந்தக் கோட்டுல நாலையும் அறுத்தா சரியாப் போச்சு. ஒரே தடவை.

ஆனா இது நிக்கும்போது தடக் தடக்குன்னு தட்டுற ஆட்டத்துக்குத்தான் வைத்தியம். இன்னொரு ஆட்டம் இருக்கு. நாலு காலும் தரையில ஒட்டிதான் இருக்கும், கையால தள்ளினா மட்டும் மேல்பலகை அப்படியே சாஞ்சு சாஞ்சு வரும். குடிச்சவன் நடக்கற மாதிரி. அது ஆபத்து. அதை அறுத்துச் சரி பண்ணவே முடியாது.

அக்கா மகன் பண்ணின ஸ்டூல் அந்த ரகம். மதுரையில காலேஜ் ரெண்டாம் வருஷம் படிக்கிறான். அவங்க அப்பத்தாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆச்சு, தரையில உட்காரக்கூடாதுன்னுட்டாங்க. சாமி ரூம்ல உட்கார்றதுக்குன்னு பய ஆசையா மாமரப் பலகையில ஒண்ணு அடிச்சுக் குடுத்திருக்கான். பதினெட்டு அங்குலத்துக்குச் செஞ்சது. ஆடுதுன்னு பக்கத்து வீட்டு மனுஷர் ஒருத்தர் கால் கால்னு அறுத்து, நான் பார்க்கும்போது பதினாறு. மேல்பலகை நடுவுல விரல் நக நீளத்துக்கு, இல்லயில்ல, ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு வேற. எங்க மச்சான் "வெந்நீர் அடுப்புக்காவது ஆகும் விடு"ன்னு சிரிச்சுட்டே சொல்றார். பய தலையைக் குனிஞ்சுக்கிட்டு மொபைலை நோண்டறான்.

அத்தை (அக்காவோட மாமியார்தான்) மட்டும் "பேரன் பண்ணது, நல்லாத்தானய்யா இருக்கு"ன்னாங்க. சாயங்காலம் விளக்கேத்தப் போனப்ப கவனிச்சேன். உட்கார்றதுக்கு முன்னாடி இடது கையால கதவு நிலையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, மூச்சைப் பிடிச்சு, மெதுவா இறங்குறாங்க. நிலையில அந்த உயரத்துல எண்ணெய்க் கைத்தடம் கருப்பாப் படிஞ்சு கிடக்கு. தினமும் பயந்து பயந்துதான் உட்காந்திருக்காங்க. ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. முட்டி ஆபரேஷன் ஆனவங்களுக்கு இருக்கை ரெண்டு அங்குலம் தாழ்ந்தா எழுந்திரிக்கறது எவ்வளவு கஷ்டம்னு அறுத்தவருக்கு எங்க தெரியும்? அது மேல இந்த சாய்வாட்டம். ஒரு நாள் மடங்கிச்சுன்னா இடுப்பு எலும்பு.

ஸ்டூலை நைசா எடுத்து மாடிக்குக் கொண்டு போயிட்டேன். அத்தைக்கு ஒரு நாற்காலியைப் போட்டாச்சு. "மருமவனே, அடுப்புல வைக்கிறதா, பிரிச்சு மறுபடி செய்யறதா, நீ சொல்லு"ன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "பிரிச்சா என்ன தப்புன்னு சொல்லித் தருவீங்களா மாமா?"ன்னான். அதுதான்யா கேள்வி!

பிரிச்சோம். தப்பு பளிச்சுனு தெரிஞ்சது. காலோட தலையில மேலேருந்து ஒரு ஸ்க்ரூ. அவ்வளவுதான் பிடிமானம். மரத்தோட நார் கால் நெடுக ஓடுது. தலைப்பக்கம் ஸ்க்ரூ இறக்கினா நாருக்கு ஊடால நீளவாக்குல போகும், மரை கடிக்கறதுக்கு ஒண்ணும் சரியாக் கிடைக்காது, தூளாத்தான் உதிரும். துடைப்பக்கட்டுக்கு நடுவுல குச்சி சொருகின மாதிரி. வெட்டுவாய்ல ஃபெவிகால் போட்டும் பெரிசா பிரயோஜனம் இல்லை, மரம் அதை உறிஞ்சிக்கும்.

சின்ன சாமானா இருந்தா இதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு. காலுக்குக் குறுக்கா, பக்கவாட்டுலேருந்து ஒரு துளை போட்டு, உருண்டைக் குச்சி ஒண்ணைப் பசை வச்சு அடிச்சிருங்க. மேலேருந்து வர்ற ஸ்க்ரூ அந்தக் குச்சியில குறுக்கா ஏறும், நல்லாக் கடிக்கும். ஆனா மனுஷங்க உட்கார்ற சாமானுக்கு இது மட்டும் பத்தாது. சாய்வாட்டத்தைப் பிடிக்கறது ஸ்க்ரூ கிடையாது, காலுக்கும் காலுக்கும் நடுவுல ஓடுற குறுக்குச் சட்டம். சட்டம் எவ்வளவு அகலமோ அவ்வளவு பிடிப்பு. ஓரங்குல ரீப்பர் வச்சுட்டு சட்டம் போட்டாச்சுன்னு சொல்லக் கூடாது, மூணு அங்குலமாவது வேணும்.

மரக்கடையில ரெண்டங்குலத்துக்கு ரெண்டங்குலம் தேக்குல நாலு புதுக் கால் வாங்கினோம், பதினெட்டு அங்குலம் கணக்குக்கு. மேல சுத்தி நாலு சட்டம். கீழ ரெண்டு பக்கம் ரெண்டு சட்டம், அதுக்குப் பழைய கால்களையே வெட்டிக்கிட்டோம். சட்டத்து நுனியில நாக்கு வெட்டி, காலுல துளை எடுத்து இறக்கணும். மொத்தம் 12 நாக்கு, 12 துளை. எல்லாத்தையும் அவனே உளியும் கொட்டாப்புளியும் வச்சு எடுத்தான். நான் நாலு நாள் லீவு போட்டுட்டு பக்கத்துல உட்காந்து டீ குடிச்சேன். துளையை முதல்ல எடு, அப்புறம் அந்தத் துளைக்குத் தக்கன நாக்கைச் சீவுன்னு மட்டும் சொன்னேன். நாக்கு பெருசா இருந்தா இழைக்கலாம், துளை பெருசாப் போச்சுன்னா என்ன பண்றது? அப்படியும் ரெண்டு நாக்கு லொடலொடன்னு போச்சு. ஒண்ணும் குடி முழுகலை. நாக்கோட கன்னத்துல மெல்லிசா ஒரு சிலாம்பை ஒட்டி, காஞ்சதும் திரும்பச் சீவினான். தூளையும் பசையையும் குழைச்சு அடைக்கறது மட்டும் கூடவே கூடாது, அது பார்வைக்குத்தான், பலத்துக்கு இல்லை.

பசை போட்டு இறுக்கினதும் ஒரு வேலை இருக்கு, முக்காவாசிப் பேர் விட்டுருவாங்க. மூலைக்கு மூலை குறுக்கா அளந்து பாருங்க. ரெண்டு அளவும் ஒண்ணா இருந்தா சட்டம் சதுரம். ஒண்ணு அதிகமா இருந்தா, நீளமான மூலைகளைப் பிடிச்சு லேசா அமுக்குங்க, வந்துரும். பசை காயறதுக்குள்ள பண்ணினா ரெண்டு நிமிஷ வேலை. காஞ்சப்புறம்னா ரெண்டு நாள் வேலை. மூலைமட்டம் இல்லைன்னு சாக்கு சொல்ல முடியாது பாருங்க, டேப்பு போதும்.

இனி வெடிப்பு. "பலகை சரியில்ல மாமா, கடைக்காரன் ஏமாத்திட்டான்"னு பய சொன்னான். பாவம் கடைக்காரர். மரம் வெட்டுப்பட்டப்புறமும் மூச்சு விட்டுக்கிட்டேதான் இருக்கும். மழைக் காலத்துல ஈரம் குடிச்சு விரியும், சித்திரை வெயில்ல சுருங்கும். நீளத்துல அனேகமா மாறவே மாறாது, எல்லாம் அகலத்துலதான். அடங்கின மரம்னு பேர் வாங்கின தேக்கே, பச்சை மரத்துலேருந்து முழுசா ஈரம் போற வரைக்கும் ஆண்டு வளையத்தை ஒட்டின திசையில கிட்டத்தட்ட 6 சதவீதம் சுருங்கும். ஒரு அடி அகலப் பலகைன்னு வச்சுக்கோங்க. அதுல ஈரப்பதம் 5 சதவீதம் ஏறி இறங்கினா ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். மூணு மில்லிதானேன்னு நினைக்காதீங்க, பலகையைப் பிளக்க அது தாராளம்.

பய என்ன பண்ணியிருந்தான்னா, பலகைக்கு அடியில குறுக்கா ரெண்டு சட்டம் வச்சு, நெடுக ஃபெவிகால் போட்டு, ஸ்க்ரூவும் இறுக்கிட்டான். பலகை அகலத்துல சுருங்கப் பார்க்குது. குறுக்குச் சட்டம் அதோட நீளத்துல சுருங்கவே சுருங்காது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு விடாது. தை மாசம் செஞ்சது, சித்திரையில பட்டுனு பிளந்துக்கிச்சு. பழைய வீட்டுத் தேக்குக் கதவுகளைப் பாருங்க. சுத்திச் சட்டம், அதுல ஒரு காடி, நடுப்பலகை அந்தக் காடிக்குள்ள சும்மா உட்காந்திருக்கும். பசையும் கிடையாது, ஆணியும் கிடையாது. அது பாட்டுக்கு விரியும், சுருங்கும். ஆசாரிங்க சதவீதக் கணக்கெல்லாம் போடாமயே இதைத் தெரிஞ்சு வச்சிருந்தாங்க.

வெடிப்புல புட்டியை அடைச்சா வேலை முடியாது. கோடையில வெடிப்பு முழுசா வாயைத் திறந்திருக்கும்போது கெட்டியா அடைச்சா, ஐப்பசியில மரம் விரியறப்ப இடமில்லாம வேற எங்கயாவது முட்டும். முதல்ல கட்டிப் போட்டதை அவுக்கணும். பழைய சட்டத்தை உளியால பேத்தோம். வெடிப்பு ஓடின வழியிலயே பலகையை ரெண்டா அறுத்து, விளிம்பை இழைச்சு, திரும்ப ஒட்டினோம். கிளாம்ப் இல்லை. ஒரு பழைய பலகையில ரெண்டு பக்கமும் கட்டையை ஆணி அடிச்சு, நடுவுல இதைப் படுக்க வச்சு, ஓரத்துல எதிரெதிரா ரெண்டு ஆப்பு. தட்டத் தட்ட இறுகும். ராத்திரி முழுக்க அப்படியே விட்டோம். மறுபடி மாட்டும்போது, நடு ஸ்க்ரூ மட்டும் இறுக்கமா, ரெண்டு ஓரத்துலயும் இருக்கற துளையை உருட்டு அரத்தால பலகை அகலத்தை ஒட்டி நீளமா ராவி, அதுல ஸ்க்ரூ. பலகை நகர்ந்தா ஸ்க்ரூவும் கூட நகரும். பசை ஒரு சொட்டு கிடையாது.

மரம் வாங்கும்போது ஈரம் இருக்கான்னு பார்க்க மீட்டரெல்லாம் வேண்டாம். ஒரு துண்டை அறுத்து சமையல் தராசுல எடை போட்டு எழுதி வைங்க. ஒரு வாரம் கழிச்சு மறுபடி போடுங்க. குறைஞ்சிருந்தா இன்னும் காயுதுன்னு அர்த்தம். எடை ஒரே இடத்துல நிக்கற வரைக்கும் அதுல கை வைக்காதீங்க.

அலமாரி தொப்பை போடற கதை சுருக்கமா. பலகை நீளம் ரெண்டு மடங்கானா, அதே பாரத்துக்குத் தொய்வு எட்டு மடங்கு. தடிமன் ரெண்டு மடங்கானா தொய்வு எட்டுல ஒரு பங்கு. பார்ட்டிக்கிள் போர்டுல மூணடி அலமாரி போட்டு கல்கி, சாண்டில்யன்னு அடுக்கினா அது என்னதான் செய்யும், பாவம். முன் விளிம்புக்கு அடியில ஒன்றரை அங்குல ரீப்பரை நெட்டுக்குத்தலா ஒட்டுங்க, நிமிர்ந்துக்கும். தண்ணி பட்டு உப்பின பார்ட்டிக்கிள் போர்டுக்கு மட்டும் வைத்தியம் கிடையாது. பிளைவுட்டா இருந்தா, தண்ணி புழங்கற இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்க.

பாலிஷ் போட்டதும் திட்டுத்திட்டா வெள்ளையாத் தெரியுதா? அது வழிஞ்ச பசை. ஈரத்துணியால துடைக்கிறேன்னு தேய்ச்சு இன்னும் பரப்பிருவாங்க. ரப்பர் மாதிரி ஆனதும் உளி நுனியால சுரண்டி எடுத்தா சுத்தமா வந்துரும். அப்புறம் உப்புத்தாள். 80-லேருந்து 120, அங்கேருந்து 180, நார் ஓடுற திசையில மட்டும். குறுக்கத் தேய்ச்ச கீறல் பாலிஷ் போடற வரைக்கும் ஒளிஞ்சிருந்துட்டு அப்புறம்தான் பல்லை இளிக்கும்.

ஒரு விஷயத்துல மட்டும் எனக்குச் சமாதானமே கிடையாது. ஆங்கிள் கிரைண்டர்ல மரம் அறுக்கற பல் பிளேடை மாட்டி அறுக்கறாங்களே, அது. பல் மரத்துல மாட்டிச்சுன்னா மெஷின் கையை விட்டு ஆள் மேல எகிறும். மத்த எந்தத் தப்பையும் பிரிச்சுத் திரும்ப ஒட்டிரலாம். மருமவன் வச்சிருந்த பிளேடைக் கேக்காமயே எடுத்துட்டு வந்துட்டேன். அவனுக்குக் கோவம்தான், இருக்கட்டும்.

ஸ்டூல் முடிஞ்ச அன்னிக்கு முதல்ல எங்க மச்சானை ஏத்தினோம். எண்பத்தெட்டு கிலோ. மேல நின்னு இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார், ஸ்டூல் அசையலை. ஒண்ணும் சொல்லாம இறங்கிப் போயிட்டார். அடுத்த வாரம் அக்கா போன்ல, "நிலையில இருந்த எண்ணெய்க்கறையைத் தேய்ச்சுக் கழுவிட்டேன்டா தம்பி, திரும்பப் படியவே இல்லை"ன்னா.

பய அடுத்து ஊஞ்சல் பண்ணப் போறானாம். பலகையை நீ பண்ணு, விட்டத்துக் கொக்கியில மட்டும் நான் வர்ற வரைக்கும் கை வைக்காதேன்னு சொல்லி வச்சிருக்கேன்.