பென்சிலோடு பேராதனைக்கு

கொழும்பு - கண்டி வீதியில் பயணம் செய்த சகோதரிகள் மாவனல்லையை அறிந்திருப்பார்கள். அங்கிருந்து கடுகண்ணாவை மலையேறி இறங்கினால் பேராதனை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் ஒரு மணித்தியாலம் வரை எடுக்கும். பாடசாலைச் சுற்றுலா, உறவினர் வருகை, பெருநாள் விடுமுறை என்று எத்தனையோ தடவை நான் அந்தத் தாவரவியற் பூங்காவுக்குப் போயிருக்கிறேன். ஆனால் இம்முறை போனது சுற்றிப் பார்ப்பதற்காக அல்ல. ஒரேயொரு பூவைப் பென்சிலால் வரைந்து வரவேண்டும் என்பதற்காகவே போனேன். அந்தப் பூ என் உம்மா கேட்ட பூ.

உம்மாவுக்கு இப்போது வயது எழுபத்தெட்டு. எங்கள் தெருவில் அவரது கைத்தையலுக்கு ஒரு பெயர் இருந்தது. கலியாண வீடுகளுக்குத் தலையணை உறைகளில் பூப்போட்டுக் கொடுப்பார். துணியில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு, அதன் மேல் நூலோட்டுவார். அந்தப் பென்சிலைக் கேட்டு வாங்கித்தான் நானும் பூ வரையப் பழகினேன். மனிதர், மிருகங்களின் உருவம் வரைவதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் விரும்பவில்லை. பூ, இலை, கொடி என்பவற்றுக்குத் தடையிருக்கவில்லை. ஆகவே எனது கொப்பிகளின் ஓரமெல்லாம் பூவாகவே இருக்கும். திருமணம், பிள்ளைகள், அடுப்படி என்று வந்தபின் அந்தப் பழக்கம் நின்று போயிற்று. பிள்ளைகள் வளர்ந்த பிறகே ஓய்வு நேரங்களில் மீண்டும் பென்சிலை எடுத்தேன்.

நான் பென்சிலை எடுத்த காலத்தில் உம்மா ஊசியைக் கைவிட்டார். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து போகும் வியாதி என்று வைத்தியர் சொன்னார். வயோதிகத்தில் வருவது. பார்வை முற்றாக இருண்டு விடாது. ஓரப் பார்வை மிஞ்சியிருக்கும். ஆனால் நேரே எதைப் பார்க்கிறாரோ அதன் மேல் ஒரு புகை விழுந்ததுபோல மறைந்துவிடும். முகங்கள் தெரிவதில்லை. குரலைக் கேட்டுத்தான் பேரப்பிள்ளைகளை இனங்காண்கிறார். நல்ல வெளிச்சமும், பெரிய எழுத்தும், கடுங்கறுப்புக்கும் வெள்ளைக்குமான வேறுபாடும் இருந்தால் ஓரளவுக்குக் காணலாம் என்றும் வைத்தியர் சொல்லியிருந்தார். அந்தக் கடைசி வார்த்தையின் பெறுமதி அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஒருநாள் வேலியோரத்துச் செவ்வரத்தைப் பூவை இரண்டு மணித்தியாலம் இருந்து வரைந்தேன். இதழின் நரம்பு, மடிப்பு எல்லாம் மென்மையாக வந்திருந்தது. ஆசையோடு உம்மாவின் கையில் கொடுத்தேன். அவர் ஜன்னலருகே தாளைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார்.

"வெறும் கடதாசியத் தந்து பூவெண்டு சொல்லுறீங்களே மகள்!"

அவர் பகிடியாகத்தான் சொன்னார். எனக்கோ நெஞ்சு கனத்துவிட்டது. இரவு அந்தப் படத்தைச் சுவரில் வைத்து, தூரத்தில் நின்று, கண்களைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தேன். உம்மா சொன்னது உண்மை. படம் முழுவதும் ஒரே சாம்பல் நிறம். கறுப்பு என்று ஒரு புள்ளிகூட இல்லை. தாளைப் பழுதாக்கிவிடுவேனோ என்ற பயத்தில் பென்சிலை அழுத்தவே இல்லை. பொழுதுபோக்காக வரையும் எங்களைப் போன்றவர்கள் அநேகம் பேரிடம் உள்ள பயம் இது.

அதன் பிறகு ஒருநாள் பேச்சோடு பேச்சாக உம்மா சொன்னார்: "பேராதனைத் தோட்டத்தில வாப்பா காட்டின பூ ஒண்டு இரிக்கி. மரத்தின்ட உடம்பிலேயே பூக்கும். எத்தின பூ தச்சேன். அந்தப் பூ மட்டும் என்ட ஊசிக்கு வரல்ல."

எந்தப் பூ என்று எனக்குத் தெரியும். தமிழில் நாகலிங்கப் பூ என்பார்கள். சிங்களச் சகோதரர்கள் 'சல்' என்று மரியாதையோடு அழைப்பார்கள். ஆங்கிலத்தில் அந்த மரத்துக்குப் பீரங்கிக் குண்டு மரம் என்று பெயர். அதன் காய்களைப் பார்த்தால் காரணம் கேட்கத் தேவையில்லை.

"தொலைபேசியில் படமெடுத்துக் காட்டினால் போதாதா உம்மா?" என்று இளைய மகன் கேட்டான். முன்பே காட்டிப் பார்த்ததுதான். திரையின் கூச்சத்தில் சிவப்புப் பூவும் பழுப்பு மரமும் அவருக்கு ஒன்றாகக் கலங்கித் தெரிந்தன. வரைபவருக்கு ஒரு வசதியுண்டு. எதைப் பெரிதாக்குவது, எதை இருட்டாக்குவது, எதை விட்டுவிடுவது என்று அவரே தீர்மானிக்கலாம்.

ஆகவே ஒரு புதன்கிழமை காலை ரொட்டியும் சீனிச் சம்பலும் கட்டிக்கொண்டு, பெரிய தாள்களை அட்டையில் செருகிக்கொண்டு பஸ் ஏறினேன். பையில் எச்பி, 2பி, 4பி, 6பி, 8பி என்று ஐந்து பென்சில்கள், ஒரு கட்டர், ஒரு அழிறப்பர்.

பென்சிலின் உள்ளே இருப்பது ஈயம் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் ஈயம் துளியும் இல்லை. அது காரீயம், வைரத்தைப் போலவே சுத்தமான காபன். பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கம்பர்லாந்துப் பகுதி மலையொன்றில் அது கிடைத்தபோது ஈயத்தின் ஒரு வகை என்று எண்ணினார்கள். தவறான அந்தப் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. காரீயத் தூளுடன் களிமண் சேர்த்துச் சுட்டு, பென்சில் செய்யும் முறையைப் பிரான்ஸ் நாட்டு கொன்ரே என்பவர் 1795 இல் கண்டுபிடித்தார். களிமண் கூடினால் பென்சில் கடினமாகும், கோடு வெளிறும். இவை எச் வகை. காரீயம் கூடினால் மென்மையாகும், கோடு கறுக்கும். இவை பி வகை. எச்பி இரண்டுக்கும் நடுவே.

இன்னொரு விடயம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே அதிகம் தெரியாது. உலகின் மிகச் சுத்தமான காரீயம் இலங்கை மண்ணில் கிடைக்கிறது. பாறை வெடிப்புகளில் நரம்பு நரம்பாக ஓடும் அந்தக் காரீயத்தைத் தோண்டும் போகல சுரங்கம் எங்கள் கேகாலை மாவட்டத்திலேயே இருக்கிறது. கஹட்டகஹ சுரங்கம் பக்கத்துக் குருநாகல் மாவட்டத்தில். நான் வாங்கிய பென்சில்கள் ஜேர்மனியில் செய்தவை. என்றாலும் பஸ் மலையேறும்போது, காலடி மண்ணிலேயே கிடக்கும் ஒரு பொருளால் நான் இத்தனை நாள் பயந்து பயந்து கோடு போட்டிருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டேன்.

கடுகண்ணாவையில் அன்று பனி மூடியிருந்தது. பாறையைத் துளைத்து அமைத்த பழைய பாதையும், வீதியமைத்த கப்டன் டோசனின் நினைவுக் கோபுரமும் கடந்து பிலிமத்தலாவை வந்தபோது வெயில் எறித்தது. பூங்கா வாசலில் இறங்கி டிக்கட் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பேராதனை அரச தாவரவியற் பூங்கா 1821 இல் அலெக்சாண்டர் மூன் என்பவரின் பொறுப்பில் ஆரம்பிக்கப்பட்டது. 147 ஏக்கர் நிலத்தை மகாவலி கங்கை வளைத்துக்கொண்டு ஓடுகிறது. ஓர்க்கிட் மண்டபத்தின் முன்னால் வழமைபோலக் கூட்டம். அதைப் பார்த்தும் பாராமல் நடந்தேன். பிற்காலத்தில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரான இளவரசரும் அவரது துணைவியாரும் 1901 இல் வந்தபோது நட்ட நாகலிங்க மரம் அங்கே நிற்கிறது. நான் தேடி வந்த மரம் அதுதான்.

பூக்கள் கிளை நுனிகளில் இல்லை. அடிமரத்திலிருந்தே கயிறுகள் போலத் தண்டுகள் புறப்பட்டு, அவற்றில் மொட்டும் பூவும் காயுமாகத் தொங்குகின்றன. வாசனை தூரத்திலேயே வந்துவிட்டது. தாளை மடியில் வைத்து மளமளவென்று வரையத் தொடங்கினேன். அரை மணித்தியாலத்தில் ஒரு பூ வந்தது. எனக்குத் திருப்தியாகவும் இருந்தது.

மரத்தடியைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு சிங்களத் தாய் ஈர்க்குமாற்றை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். பிறகு கீழே விழுந்து கிடந்த ஒரு பூவை எடுத்து என் தாளருகே வைத்துவிட்டுச் சொன்னார்: "மிஸ், பெத்தி ஹயக் தியெனவா."

இதழ் ஆறு இருக்கிறது என்றார். என் படத்தில் ஐந்து!

வெட்கமாகிவிட்டது. மரத்தைப் பார்த்துக்கொண்டே வரைந்ததாகத்தான் நினைத்திருந்தேன். உண்மையில் என் கை வரைந்தது உம்மாவின் தலையணை உறைப் பூவை. வட்டமான ஐந்து இதழ், நடுவில் ஒரு பொட்டு. நாற்பது வருடமாக எந்தப் பூவைப் பார்த்தாலும் அதையேதான் வரைந்து வந்திருக்கிறேன் போலும்.

"இண்டைக்கிப் பூத்தது நாளைக்கி இரிக்காது" என்ற கருத்தில் ஏதோ சொல்லிவிட்டு அவர் தன் வேலைக்குப் போய்விட்டார். உண்மைதான். இந்தப் பூவின் ஆயுள் ஒரு நாள். எனக்கும் அந்த ஒரு நாள்தான் இருந்தது.

புதிய தாளை எடுத்தேன். இம்முறை பென்சிலைத் தொடாமல் விழுந்த பூவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தடித்த ஆறு இதழ்கள், ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. நடுவில் ஒரு வளையம் நிறைய குட்டை மகரந்தக் கேசரங்கள். அந்த வளையத்தின் ஒரு பக்கத்திலிருந்து தட்டையான ஒரு நாக்கு எழுந்து, வளைந்து, குடைபோல வளையத்தின் மேலே கவிழ்கிறது. குடையின் உட்புறத்திலும் தூரிகைபோலக் கேசரங்கள். குடையிலுள்ள மகரந்தம் வரும் தேனீக்களுக்கு உணவு. வளையத்திலுள்ளதே காய் பிடிக்கச் செய்யும் மகரந்தம். விருந்துக்கு வேறு, விதைக்கு வேறு என்று பிரித்து வைத்த படைப்பாளனின் ஏற்பாட்டை எண்ணி சுப்ஹானல்லாஹ் என்றேன். உம்மாவின் ஊசிக்கு இது ஏன் வரவில்லை என்பதும் விளங்கிற்று. குடைக்கும் வளையத்துக்கும் நடுவே ஓர் இருட்டு இருக்கிறது. நூலால் பூவைத் தைக்கலாம். அந்த இருட்டைத் தைப்பது கடினம்.

இதே பூங்காவில் 1820 களில் ஓவியராகச் சேர்ந்து, நாற்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைய வேலை செய்தவர் ஹர்மானிஸ் த அல்விஸ். அவருடைய புதல்வர்களும் இங்கே செடிகொடிகளை வரைந்தார்கள். தாவரவியலாளருக்கு அந்தப் படங்கள் சாட்சியம் போன்றவை. இதழ் ஒன்று குறைந்தால் சாட்சியம் பொய்யாகிவிடும். அந்த மண்ணில் இருந்துகொண்டு ஐந்திதழ் போட்டேனே என்று சிரிப்பும் வந்தது.

பிறகு மெதுவாக வரைந்தேன். எச்பியால் இலேசாக எல்லைகள். பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து இதழின் நீளத்தை அளந்தேன். இதழ்களைப் பார்ப்பதோடு, இரண்டு இதழ்களுக்கு இடையிலுள்ள வெற்றிடம் என்ன வடிவம் என்பதையும் பார்த்தேன். வெற்றிடம் சரியாக அமைந்தால் இதழ் தானாகச் சரிவருகிறது. பூவைத் தாளின் அகலத்துக்கு, ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு பெரிதாக்கினேன். கை பட்டுக் கறைபடாமல் உள்ளங்கையின் கீழ் ஒரு துண்டுக் கடதாசி வைத்துக்கொண்டேன்.

கடைசியில் 8பியை எடுத்தேன். பூவுக்குப் பின்னாலிருந்த மரப்பட்டையின் நிழலை, தாளின் வெண்மை முற்றாக மறையும்வரை அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கினேன். குடையின் கீழிருந்த இருட்டையும் அப்படியே. முதல் கீறலின்போது கை நடுங்கியது. ஆனால் பின்புறம் கறுக்கக் கறுக்க, நான் தொடாமல் விட்டிருந்த இதழ்கள் தாமாகவே ஒளி பெற்று முன்னால் வந்தன. பென்சிலில் வெள்ளை நிறம் கிடையாது. வெளிச்சம் வேண்டுமென்றால் அதன் பக்கத்தில் இருளை வைக்கத்தான் வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. உம்மாவின் கண் சொல்லித் தந்தது.

அஸருக்குப் பின் வீடு வந்து சேர்ந்தேன். உம்மா ஜன்னலருகே இருந்தார். ஒன்றும் சொல்லாமல் தாளைக் கையில் கொடுத்தேன். அவர் முகத்தைச் சற்று ஒரு பக்கம் திருப்பி, ஓரக்கண்ணால் பார்த்தார். நேரே பார்த்தால் மறைந்துவிடும் என்பதால் இப்படிப் பார்க்கப் பழகியிருக்கிறார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு விரலை வைத்து ஒவ்வோர் இதழாகத் தொட்டார்.

"ஒண்டு… ரெண்டு… மூணு…"

ஆறு வரை எண்ணினார். விரல் நடுவுக்குப் போயிற்று. "இது குடை. இதுக்குக் கீழ இருட்டு. எனக்கு வராம போனது இந்த எடம்தான்."

காரீயம் மெல்லிய படைபடையாக வழுக்கும் பொருள். தொட்டால் கையோடு வந்துவிடும். அவரது விரல் சென்ற வழியெல்லாம் படம் இழுபட்டு, இதழ்களின் மேல் சாம்பல் தடம் விழுந்தது. மகன் பதறிப்போய் அழிறப்பரை எடுத்து வந்தான். வேண்டாம் என்று கண்ணால் காட்டினேன். அந்தத் தடத்தோடுதான் படம் இன்றும் சுவரில் இருக்கிறது.

சகோதரிகளே, வீட்டில் பிள்ளைகளின் பழைய பென்சில்கள் கிடக்கும். கடையில் ஒரு 6பி மட்டும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுப்படி வேலை முடிந்த அரைமணி நேரம் போதும். முற்றத்துப் பூ ஒன்றை எடுத்து முதலில் இதழை எண்ணுங்கள், பிறகு வரையுங்கள். கறுப்பைக் கண்டு பயப்படாதீர்கள்.

அன்றிரவு படுக்கப் போகும்முன் உம்மா என்னைக் கூப்பிட்டார்.

"மகள், மல்லிகைப்பூ முழுக்க வெள்ளதானே. அதையும் கறுப்பால வரைய ஏலுமா?"

இன்ஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டு, 8பியைச் சீவி வைத்தேன்.