தாயாருக்கு ஒரு கடிதம்

நாவல் எழுதுகிறவனுக்கு உறவாக இருப்பது ஆபத்தான காரியம். அவனைப் பெற்றவளாகவே இருந்துவிட்டால் கேட்க வேண்டியதில்லை.

வினிஃப்ரெட் ஹோல்ட்பி என்ற ஆங்கில நாவலாசிரியையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இது தோன்றும். 1898-ல் யார்க்ஷயரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். அவளுக்குப் பதின்மூன்று வயதானபோது தாயார் ஆலிஸ் அவளுடைய கவிதைகளை, அவளுக்குத் தெரியாமலே, புஸ்தகமாக அச்சிட்டுவிட்டார். கடையில் அதைப் பார்த்துத்தான் சிறுமிக்கு விஷயம் தெரிந்தது.

தாயார் லேசுப்பட்டவர் அல்ல. ஈஸ்ட் ரைடிங் கவுண்டி கவுன்சிலில் ஆல்டர்மன் பதவி பெற்ற முதல் பெண்மணி. கவுன்சில் விவகாரங்கள் வீட்டில் மகள் காதிலும் விழுந்தன. முப்பது வயதுக்குமேல் மகளுக்குச் சிறுநீரக நோய் கண்டது. இரண்டு வருஷந்தான் என்று டாக்டர் கெடு வைத்தார். அதற்குப் பிறகுதான் அவள் அந்த விவகாரங்களை வைத்து 'சவுத் ரைடிங்' நாவலை எழுதினாள். கல்வி, சாலைகளும் பாலங்களும், பொதுச் சுகாதாரம், நிதி என்று கவுன்சில் இலாகாக்களின் பெயரில் எட்டுப் பாகங்கள். தலைப்பைப் பார்த்தால் கொட்டாவி வரும். உள்ளே போனால், தாய் இறந்ததால் படிப்பை விட்டுத் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் கெட்டிக்காரச் சிறுமி நிற்கிறாள். பள்ளிக்கூடமும் சாலையும் யாருக்காக என்பது அப்போது புரிகிறது.

நாவலை முடித்த கொஞ்ச நாளில், 1935 செப்டம்பர் 29-ந் தேதி, முப்பத்தேழாவது வயதில் வினிஃப்ரெட் இறந்தாள். முதல் புஸ்தகத்தைக் கேளாமல் அச்சிட்ட தாயார், கடைசிப் புஸ்தகம் வரவேண்டாம் என்றார். கவுன்சிலைக் கேலி செய்ததாக ஊர் நினைக்குமே என்ற கவலை. தோழி வீரா பிரிட்டன் விடாப்பிடியாக நின்று 1936-ல் வெளியிட்டாள்.

தாயாரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் தாயாரை மனத்தில் வைத்து நானும் ஒரு கதை எழுதியதுண்டு. பத்திரிகை வந்ததும் பரணில் ஒளித்துவைத்தேன். அடுத்த வீட்டுப் பெண் தன் பிரதியை எடுத்துவந்து வாசித்துக் காட்டிவிட்டாள். அம்மா ஒரு வாரம் எதுவும் பேசவில்லை. பிறகு ஒருநாள் சோறு போடும்போது, "நான் அவ்வளவு கடுமையாகவாடா பேசுகிறேன்?" என்று கேட்டாள். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

வினிஃப்ரெட் குனியவில்லை. நாவலின் முகப்பிலேயே தாயாருக்கு ஒரு கடிதம் எழுதிவைத்தாள். கதையில் வரும் ஆல்டர்மன் அம்மாள் நீங்கள் அல்ல, உங்கள் பேச்சில் சிலவற்றைக் கடன் வாங்கியது மட்டும் உண்மை என்று அதில் ஒப்புக்கொள்கிறாள். கேள்வி வருவதற்கு முன்பே பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

என் அம்மா போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. அந்தக் கதையில் நன்றாக இருந்த வாக்கியமெல்லாம் அவள் பேசியதுதான். அன்றைக்கு அதைச் சொல்லியிருக்கலாம்.